லைனர் (மிஞ்சிய காலுக்கும் செயற்கைக்காலுக்கும் நடுவே மாட்டும் சிலிகான் உறை) வார்க்கும்போது / மாட்டும்போது மறக்க முடியாமல் போனது எது?

பட்டறைவாசி:
நேராக விஷயத்துக்கு வருகிறேன். முழங்காலுக்குக் கீழே கால் எடுத்தவர், காய்கறி வண்டி தள்ளுகிறார். ஸ்டம்ப் (எடுத்தபின் மிஞ்சிய கால்) முனையில் தழும்பு ஆழமாக உள்ளே போயிருக்கும், ரெடிமேட் லைனர் எதுவும் அங்கே படியாது, அதனால் பிளாஸ்டரில் படியெடுத்து அவருக்கென்றே அச்சு செய்தோம். குழியின் ஓரத்தைக் களிமண் வைத்து மழுப்பினோம், கந்தகம் இல்லாதது என்று கடைக்காரர் சத்தியம் செய்த களிமண். பிளாட்டினம் க்யூர் சிலிகான் (பிளாட்டினம் வினையூக்கியால் இறுகுவது), வேக்யூமில் குமிழி எடுத்து ஊற்றி, மறுநாள் அவர் எதிரிலேயே பிரித்தால் மற்ற இடமெல்லாம் நல்ல ரப்பர், தழும்பில் படிய வேண்டிய இடம் மட்டும் பாகு. விரலில் ஒட்டி நூலாக இழுக்கிறது. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கும் அந்த இடம் பிடிக்கலையா சார்?" என்றார். வேறு லைனர் போட்டுக் கொடுத்தாயிற்று, நன்றாக நடக்கிறார், அந்தக் கேள்விதான் போக மாட்டேன் என்கிறது.

அச்சுக்காரன்:
களிமண் மேல் பழி போடுமுன் ஒன்று சொல்லுங்கள், குழி ஓரத்தை மழுப்பிய கையில் என்ன கையுறை? லேடெக்ஸ் என்றால் அதிலேயே கந்தகம் உண்டு, கடைக்காரர் பாவம். எங்களுக்கும் ஒருமுறை இப்படி ஆகி முழு லைனரும் குப்பைக்குப் போனது, அவ்வளவுதான் என் கதை. ஆனால் புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: கந்தகம், அமீன் (நைட்ரஜன் உள்ள ஒருவகை வேதிப்பொருள்), தகரம் மூன்றும் பிளாட்டினத்தை முடக்கும், சிலிகான் இறுகாது. டின் க்யூர் சிலிகான் (தகரச் சேர்மத்தால் இறுகுவது) வார்த்த பழைய அச்சில் இதை ஊற்றாதீர்கள், சரியாக இறுகாத எபாக்ஸி மேலும் வேண்டாம். அப்படிக் கெட்டதை அடுப்பில் வைத்தாலும் தேறாது. நைட்ரில் கையுறை வாங்குங்கள். எந்த அச்சானாலும் முதலில் ஒரு ஸ்பூன் ஊற்றி ஒரு மூலையில் இறுகுகிறதா பாருங்கள். அப்புறம் பின் போடுகிற லைனர் (முனையிலுள்ள பின்னால் செயற்கைக்காலில் பூட்டுவது) என்றால் கீழ்ப்பாதியில் நீளவாக்கில் இழுபடாத துணி வைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கால் தூக்கும்போதெல்லாம் அந்தப் பின் ஸ்டம்ப் முனைச் சதையைப் பிடித்து இழுக்கும்.

வலதுகால்:
நீங்கள் வார்ப்பதைப் பேசுகிறீர்கள், நான் மாட்டுகிறவன். சித்திரை மாதம், பெரம்பலூர் பேருந்து நிலையம், நின்றுகொண்டே வந்த பயணம். லைனருக்குள் வியர்வை கோத்துக்கொண்டது தெரிகிறது, இறங்கி உதறலாம் என்று நினைத்தேன். கம்பியைப் பிடித்து இறங்கும்போது ஸ்டம்ப் வழுக்கி வெளியே வந்துவிட்டது, கால் செருப்போடு படியிலேயே நிற்கிறது! கண்டக்டர் அதை இரண்டு கையாலும் எடுத்து, "யாருதுப்பா?" என்று கேட்டார் பாருங்கள். ஒற்றைக்காலில் நிற்கிறவன் நான் ஒருத்தன்தான்.

அச்சுக்காரன்:
தினமும் ராத்திரி மென்மையான சோப்பில் கழுவி, நிழலில் உலர்த்தி, மாட்டும்போது வெளிப்பக்கமாகத் திருப்பி முனையில் காற்று நிற்காமல் மேலே உருட்ட வேண்டும். பவுடர் போடவே...

வலதுகால்:
அண்ணே, நான் எதுவும் கேட்கவில்லை. எல்லாம் செய்கிறேன். சிலிகான் லைனருக்குள் காற்றோட்டம் கிடையாது, வெயிலில் வியர்க்கத்தான் செய்யும். இந்த உருட்டி மாட்டும் லைனரைக் கொண்டுவந்த ஓசர் கிறிஸ்டின்சனும் செயற்கைக்கால் போட்டவர்தான், ஆனால் மனிதர் ஐஸ்லாந்து!

பட்டறைவாசி:
அச்சுக்காரன், கையுறை நைட்ரில்தான். பெட்டியைப் படம் எடுத்துப் போடட்டுமா?