காய்கறி ரெலிஷைப் பாட்டிலில் அடைத்து வைத்தால் மூடி ஏன் உப்புகிறது?

கேள்வி: உதகைவாசி

நாங்கள் உதகமண்டலத்தில் வசிக்கிறோம். என் மாமியார் இளம் வயதில் ஒரு தேயிலைத் தோட்டத் துரையின் பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர். காரட், முட்டைக்கோஸ், குடைமிளகாய், வெங்காயம் ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி, கடுகும் மஞ்சளும் சர்க்கரையும் சேர்த்து வினிகரில் கொதிக்கவைத்து அவர் செய்யும் கலவைக்கு எங்கள் வீட்டில் ரெலிஷ் என்றே பெயர். அவர் வாரத்துக்கு ஒரு கிண்ணம் மட்டுமே செய்வார். நான், வெளியூர் விடுதியில் படிக்கும் மகனுக்குக் கொடுத்தனுப்பலாம் என்று எண்ணி, ஒரே நேரத்தில் ஆறு பாட்டில் செய்தேன்.

பிள்ளைகளுக்குப் புளிப்பு அதிகம் என்பதால் வினிகரில் பாதியைக் குறைத்து அந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றினேன். கெட்டியாக இருக்கச் சிறிது சோளமாவும் கரைத்துவிட்டேன். பழைய ஜாம் பாட்டில்களைக் கொதிநீரில் கழுவி, சூடாகவே நிரப்பி, மூடியைத் திருகிக் கவிழ்த்து வைத்தேன். மூன்று வாரத்தில் நான்கு பாட்டில்களின் மூடி உப்பிவிட்டது; ஒன்றைத் திறந்தபோது நுரை பொங்கியது. மற்ற இரண்டும் பார்வைக்கு நன்றாகவே இருக்கின்றன. அவற்றை மறுபடி கொதிக்கவைத்துப் பயன்படுத்தலாமா? குளிர்பெட்டியில் வைக்காமல் பல மாதங்கள் இருக்கும்படி செய்ய என்ன வழி?

பதில் 1: கொங்குச் சமையல்

பாட்டில்களை நிரப்பி மூடியபின் பிரஷர் குக்கரில் வைத்து மூன்று விசில் விட்டு எடுங்கள். கிருமி எதுவும் மிஞ்சாது. எலுமிச்சைச் சாற்றுக்கு நான் அப்படித்தான் செய்கிறேன், இதுவரை கெட்டதில்லை.

பதில் 2: பரணிக்காரர்

முதலில் அந்த ஆறு பாட்டில்களையும் அப்புறப்படுத்திவிடுங்கள், அம்மா. நன்றாகத் தெரியும் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். உப்பியவற்றைத் திறக்காமல், நுனிநாக்கிலும் வைத்துப் பார்க்காமல், பிளாஸ்டிக் பையில் கட்டி, நாயும் மாடும் கிளற முடியாத இடத்தில் போடுங்கள். நுரை வந்தது வெறும் நொதித்தலாகவும் இருக்கலாம். ஆனால் பாட்டுலிசம் என்னும் நஞ்சுநோயை உண்டாக்கும் பாக்டீரியாவின் நச்சுக்குச் சுவையோ மணமோ இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை; ஆகவே முகர்ந்து பார்த்து முடிவெடுக்க இயலாது.

உங்கள் செய்முறையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு வினிகரில் தண்ணீர் கலந்ததுதான். அந்தப் பாக்டீரியாவின் வித்துகள் 100 டிகிரி கொதிநீரில் சாவதில்லை. காற்றுப் புகாத பாட்டிலுக்குள், புளிப்புக் குறைந்த ஈரமான உணவில், அவை சாவகாசமாக முளைக்கும். உணவின் பி.எச். அளவு (புளிப்பைக் காட்டும் எண்; புளிப்பு கூடக் கூட இது குறையும்) 4.6 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அவற்றால் வளர முடியாது. காரட்டுக்கும் முட்டைக்கோஸுக்கும் இயல்பாகப் புளிப்பு மிகக் குறைவு என்பதால், ரெலிஷைக் காப்பது முழுக்க முழுக்க வினிகரின் அமிலமே. கொதிக்கவைப்பது ஈஸ்ட்டையும் பூஞ்சையையும் கொன்று மூடியை இறுக்குவதற்கு. வித்துகளை அடக்கிவைப்பது அமிலம். புளிப்பு நாக்கில் உறைக்கக் கூடாது என்றால் சர்க்கரையைக் கூட்டுங்கள், அமிலம் அப்படியே இருக்கும். வெல்லமும் போடலாம், நிறம்தான் மங்கும்.

வினிகர் வாங்கும்போது பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள். பாட்டிலில் அடைப்பதற்கென்று சோதிக்கப்பட்ட செய்முறைகள் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தை வைத்துக் கணக்கிடப்பட்டவை. நம் மளிகைக் கடைகளில் கிடைக்கும் வெள்ளை வினிகரில் 4 சதவீதம் என்று அச்சிட்டிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதுதான் கிடைக்கிறது என்றால், செய்து குளிர்பெட்டியில் வையுங்கள், வெளியே வைக்க வேண்டாம். 5 சதவீத வினிகர் கிடைத்தால், நறுக்கிய காய் இரண்டு கோப்பைக்கு வினிகர் ஒரு கோப்பை என்பது நான் விடாமல் பிடித்திருக்கும் விகிதம். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. காயை முந்தின இரவே உப்பில் பிசறி வைத்து, காலையில் பிழிந்து நீரை வடித்துவிட்டால் ரெலிஷ் நீர்த்துப்போகாது, சோளமாவின் தேவையும் இராது. மாவு சேர்ந்த கலவையில் சூடு பாட்டிலின் நடுப்பகுதிவரை போய்ச் சேரத் தாமதமாகும். கெட்டியாக வேண்டுமென்றால் பரிமாறும் வேளையில் கரைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, கீழ்நாட்டில் இருப்பவர்கள் எண்ணிப் பார்க்காத விஷயம். நீங்கள் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறீர்கள். உங்கள் அடுப்பில் தண்ணீர் ஏறக்குறைய 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகத் தாமதமாவதைத் தினமும் பார்த்திருப்பீர்களே! ஆகவே கடலோரத்தில் 10 நிமிடம் கொதிநீரில் வைக்க வேண்டிய பாட்டிலை, 6,000 அடிக்கு மேல் 20 நிமிடம் வைக்க வேண்டும். அகலமான பாத்திரத்தின் அடியில் துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் பாட்டில்களை ஒன்றோடொன்று இடிக்காமல் நிறுத்தி, மூடிக்கு மேல் இரண்டு விரற்கடை உயரம் தண்ணீர் நிற்கும்படி வையுங்கள். நேரத்தைத் தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் எண்ணுங்கள். சூடான கலவையைச் சூடான பாட்டிலில் நிரப்பி, கழுத்தருகே அரை அங்குலம் இடம் விட்டு, மூங்கில் குச்சியால் ஓரமாகக் குத்திக் காற்றுக் குமிழியை வெளியேற்றி, விளிம்பைத் துடைத்தபின் மூட வேண்டும். கவிழ்த்து வைப்பதனால் ஒரு பயனும் இல்லை. ஜாம் பாட்டிலின் பழைய மூடியில் உள்ள ரப்பர்ப் பூச்சு ஒருமுறைதான் சரியாகப் படியும்; மூடி புதிதாக இருக்கட்டும்.

மறுநாள் மூடியின் நடுப்பகுதி உள்வாங்கியிருக்க வேண்டும். அழுத்தினால் டக்கென்று ஒலித்து மேலே எழும்பினால் அந்தப் பாட்டில் குளிர்பெட்டிக்குப் போகட்டும். பூண்டு சேர்த்தால் வினிகரில் நீலமாகவோ பச்சையாகவோ மாறக்கூடும், அதற்கு அஞ்ச வேண்டாம்.

முதல் பதில் சொன்னவருக்கு: வீட்டுக் குக்கர் இதற்கான கருவியன்று. அழுத்தத்தில் அடைப்பதற்கான நேர அட்டவணைகள், மெல்லச் சூடேறி மெல்லக் குளிரும் பெரிய கலன்களை வைத்துக் கணக்கிடப்பட்டவை. விசில் கணக்கை அதற்கு ஈடாகக் கொள்ள முடியாது. எலுமிச்சைச் சாறு கெடாமல் இருந்ததற்குக் காரணம் அதன் புளிப்பு. போதிய வினிகர் உள்ள ரெலிஷுக்குக் குக்கர் தேவையும் இல்லை, காய் குழைந்துபோவதுதான் மிச்சம்.

பதில் 3: கொங்குச் சமையல்

திருத்தத்துக்கு நன்றி, ஐயா. ஆனால் ஒரு சந்தேகம்: எங்கள் பாட்டி மாவடுவையும் எலுமிச்சை ஊறுகாயையும் கொதிநீரில் வைத்ததே இல்லையே? பரணியில் ஆண்டு முழுவதும் கிடந்தனவே?

பதில் 4: பரணிக்காரர்

அங்கே காப்பது உப்பும் காயின் சொந்தப் புளிப்பும். பாட்டி அளக்காமல் அள்ளிப் போட்ட கல்லுப்பு ஒரு ரெலிஷில் இருந்தால் யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். இனிப்பு ரெலிஷில் உப்பு சுவைக்கு மட்டுமே என்பதால், பரணிக் கணக்கு இங்கே பொருந்தாது.

உதகைவாசி

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சந்தைக் கடைகளில் இரண்டிடத்தில் பார்த்தும் 4 சதவீத வினிகர்தான் கிடைத்தது. ஆகவே இந்த முறை இரண்டே பாட்டில் செய்து, தண்ணீர் கலக்காமல், சர்க்கரையைக் கூட்டிக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறேன். மாமியார் ருசி பார்த்துவிட்டு, துரை வீட்டிலும் வினிகரில் தண்ணீர் ஊற்ற விட்டதில்லை என்று இப்போது சொல்கிறார். மகனுக்கு அனுப்புவது 5 சதவீதம் கிடைத்த பிறகுதான். கோயம்புத்தூர் போகிறவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.