முடித்த கேமையே திரும்பத் திரும்ப ஆட வைப்பது எது?

கேள்வி:
போன மாதம் ஒரு பெரிய கேம் வாங்கினேன். பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் கதை முடிந்ததும் மறுபடி திறக்கவே மனம் வரவில்லை. அதே சமயம் 1985-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸை வாரம் ஒருமுறையாவது ஆடிவிடுகிறேன். உங்களுக்கும் இப்படியா?

பதில் 1:
என்னைக் கேட்டால் கைக்குக் கிடைக்கும் அந்த உணர்வுதான். மரியோவில் பட்டனைத் தட்டினால் சின்னத் தாவல், அழுத்திப் பிடித்தால் உயரமான தாவல், ஓடி வந்து தாவினால் இன்னும் தூரம், நிற்கும்போதுகூடக் கொஞ்சம் சறுக்கித்தான் நிற்பான். இது விரலுக்குப் பழகிவிட்டால் சும்மா ஓடுவதே சுகம். அப்புறம் அந்த 1-2 லெவல், அதாவது முதல் உலகத்தின் இரண்டாவது கட்டம்! கூரைமேல் ஏறிக் கடைசிவரை நடந்தால் 2, 3, 4-ஆம் உலகங்களுக்குப் போகும் குழாய்கள் இருக்குமே, அதை முதல்முறை பார்த்த மத்தியானம் இன்னும் நினைவிருக்கிறது.

பதில் 2:
சரி, ஆனால் மரியோவில் பாதை மாறாதே. எனக்கு ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 தான், ஊர் கட்டிப் படை திரட்டி எதிரியோடு மோதும் கேம், 1999-இல் வந்தது. ரேண்டம் மேப்பில் தங்கம் எங்கே, காடு எங்கே, எதிரி எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேட வேண்டும். சாப்பாட்டுக்காகக் காட்டுப்பன்றியை டவுன் சென்டருக்கு, அதாவது ஊரின் மையக் கட்டடத்துக்கு, இழுத்து வரும்போது ஒரு நொடி பிசகினால் ஆள் காலி. தோற்றாலும் எங்கே கோட்டை விட்டோம் என்று தெரிந்துவிடும், அதனால்தான் உடனே இன்னொரு ஆட்டம்.

கேள்வி கேட்டவர்:
ஆமாம், நீங்கள் சொன்னபிறகுதான் புரிகிறது. அந்தப் புதுக் கேமில் நான் தோற்ற ஞாபகமே இல்லை.