பழைய எஸ்யூவி: 60 வேகத்துல ஒரு நடுக்கம், டயரா கியர்பாக்ஸா?

ஐந்தாம்கியர்:
மக்களே, ஒரு உதவி. ஏழெட்டு வருஷம் ஓடின ஆட்டோமேட்டிக் எஸ்யூவி ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். பெட்ரோல், 6 ஸ்பீடு டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சக்தியை ஆயில் வழியா கியர்பாக்ஸுக்குக் கடத்தற வகை), ஆல் வீல் டிரைவ், மீட்டர்ல 1,10,000 கி.மீ. பாடி, இன்ஜின், ஏசி எல்லாம் திருப்தி. உறுத்துறது ஒண்ணே ஒண்ணுதான். 60-70 வேகத்துல ஆக்சிலரேட்டரை லேசா மிதிச்சு சீரா போறப்போ வண்டி தடதடன்னு நடுங்குது. ரெண்டு மூணு செகண்ட்ல நின்னுடும். அழுத்தி மிதிச்சா உடனே போயிடும். வீல் பேலன்ஸ் பண்ணா சரியாயிடும்ங்கறார் ஓனர். ஒரு சின்ன சந்தேகம், நான் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே இன்ஜின் சூடா இருந்துச்சு.

இன்னொரு வண்டியும் இருக்கு. அதே வயசு, ஓட்டம் கம்மி, ஆனா சிவிடி (தனித்தனி கியருக்குப் பதிலா வழக்கமா பெல்ட்டும் புல்லியும் வச்ச ஆட்டோமேட்டிக்). சிவிடின்னு சொன்னாலே "ஓடிடு"ங்கறாங்க. எதை எடுக்கலாம்? மாடல் பேர் வேணும்னேதான் போடல. ஒரு கம்பெனியைத் திட்டுற சண்டையா மாறிடக்கூடாது.

கிரீஸ்கை:
வொர்க்ஷாப்புல இருக்கறவன் சொல்றேன். நீங்க வர்றதுக்கு முன்னாடியே வண்டியைச் சூடாக்கி வச்சிருந்தார்னா, அந்த டெஸ்ட் டிரைவ்ல பாதிதான் உங்களுக்குக் காட்டினார். ராத்திரி முழுக்க நின்ன வண்டியை நீங்களே சாவி போட்டு எழுப்பணும். பிரேக்கை மிதிச்சுக்கிட்டு பார்க்ல இருந்து ரிவர்ஸ், அப்புறம் டிரைவ் போடுங்க. ஒரு செகண்டுக்குள்ள கியர் பிடிக்கணும். ரெண்டு மூணு செகண்ட் யோசிச்சுட்டு 'டக்'குன்னு அடிச்சா, உள்ள சீல் இறுகிப்போய் பிரஷர் ஏற லேட் ஆகுதுன்னு சந்தேகப்படலாம். சில கோளாறு நேர்மாறா, ஆயில் சூடாகி இளகின பிறகுதான் வெளிய வரும். அதனால ஆறின வண்டியை எடுத்து, நல்லா சூடாகற வரைக்கும் ஒரே மூச்சா ஓட்டணும்.

இப்போ உங்க நடுக்கம். டயர் பேலன்ஸ்னா வேகத்தை ஒட்டி வரும், ஆக்சிலரேட்டரை அழுத்தினதும் நிக்காது. நீங்க சொல்றது எனக்கு லாக்கப் கிளட்ச் மாதிரி தோணுது. டார்க் கன்வெர்ட்டருக்குள்ள ஒரு கிளட்ச் இருக்கு. சீரா போறப்போ அது இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேரா பூட்டிடும். ஆயில் கெட்டுப்போனா, இல்ல லைனிங் தேஞ்சா, முழுசா பிடிக்காம விட்டு விட்டு வழுக்கும். அதுதான் தடதட.

டயரா லாக்கப்பான்னு நீங்களே கண்டுபிடிக்கலாம். பின்னாடி வண்டி வராத நேரான ரோடா இருக்கட்டும். நடுக்கம் வர்றப்போ ஆக்சிலரேட்டரை அப்படியே வச்சுக்கிட்டு, இடது காலால பிரேக் பெடலை லைட் எரியற அளவுக்கு மட்டும் தொடுங்க. பெரும்பாலான வண்டியில கம்ப்யூட்டர் உடனே லாக்கப்பை விடுவிச்சுடும். நடுக்கம் அதே நொடி நின்னா டயர்மேல பழி போட வேண்டாம். அடுத்து அதே வேகத்துல நியூட்ரல் போட்டு உருள விடுங்க. அப்பவும் ஆடினா டயர், வீல், பேரிங் பக்கம் பாருங்க.

மெதுவண்டி:
சார் சொன்னதோட, ஸ்கேனர் ஒண்ணு கொண்டு போங்க. வண்டியில சொருகி கம்ப்யூட்டரைப் படிக்கற மலிவான ப்ளூடூத் ஓபிடி போதும், ஆனா கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரையும் படிக்கற ஆப்பா இருக்கணும். பி0700 வந்தா கியர்பாக்ஸ்ல ஏதோ கோளாறுக் கோடு (எர்ரர் நம்பர்) பதிவாகியிருக்குன்னுதான் அர்த்தம், உள்ள போய்ப் பார்க்கணும். பி0741 வந்தா லாக்கப் சரியா பிடிக்கலைன்னு வண்டியே சொல்லுது. கோடே இல்லைன்னு சந்தோஷப்படறதுக்கு முன்னாடி, "கோடு அழிச்ச பிறகு ஓடின தூரம்"னு ஒரு வரி வரும், அதைப் பாருங்க.

சும்மாபார்க்கவந்தேன்:
ஆயிலை மாத்திட்டா நடுக்கம் நின்னுடும், எடுத்துடுங்க ப்ரோ. ஆனா 1 லட்சம் தாண்டின ஆட்டோமேட்டிக்ல ஆயிலைத் தொட்டா கியர்பாக்ஸ் செத்துடும்னும் சொல்றாங்களே?

கிரீஸ்கை:
ரெண்டும் பாதி உண்மை தம்பி. நடுக்கம் ஆரம்பிச்ச புதுசுல சரியான ஆயிலுக்கு மாறினா நின்னுபோனதை நிறைய பார்த்திருக்கேன். ஜிஎம்மோட 8 ஸ்பீடு பாக்ஸ்ல இதே நடுக்கத்துக்கு கம்பெனியே ஆயில் வகையை மாத்தச் சொல்லுச்சு. அதே சமயம் ஏற்கனவே வழுக்கிட்டிருக்கற பாக்ஸ்ல மிஷின் போட்டு பிரஷர்ல ஃப்ளஷ் அடிச்சா, அடியில படிஞ்ச துகள் கிளம்பி வால்வ் பாடியில (ஆயிலை கிளட்சுகளுக்குப் பிரிச்சு அனுப்பற பகுதி) போய் உக்காரும். செத்தது ஆயில் மாத்தினதால இல்ல, மாத்த வேண்டிய காலத்துல மாத்தாததால. பழசை வடிச்சுட்டுப் புதுசு ஊத்தினா ஒரு தடவைக்கு மூணுல ஒரு பங்குலேர்ந்து பாதி வரைதான் மாறும், மீதி கன்வெர்ட்டருக்குள்ளேயே நிக்கும். கொஞ்சம் ஓட்டிட்டு மறுபடி செய்யணும்.

"லைஃப்டைம் ஆயில்"னு மேனுவல்ல போட்டிருந்தா அதைக் காட்டித் தப்பிக்கறவர்கிட்ட ஒண்ணு சொல்லுங்க: பல கார் கம்பெனி வாங்கிப் போடற 8 ஸ்பீடு பாக்ஸைச் செய்யற இசட்எஃப் நிறுவனமே 80,000-லேர்ந்து 1,20,000 கி.மீ.க்குள்ள மாத்தச் சொல்லுது.

பெல்ட்டும்புல்லியும்:
சிவிடி பத்தி யாரும் பேசல. பயம் சும்மா வரல. நிசான் ரோக்ல வந்த புகார்களால அமெரிக்காவுல கம்பெனி சிவிடி வாரண்டியையே நீட்ட வேண்டியதாச்சு. ஆனா "சிவிடி"ன்னு பேர் இருக்கறதெல்லாம் ஒண்ணு இல்ல. டொயோட்டா ஹைப்ரிட்ல ஈ-சிவிடின்னு எழுதியிருப்பாங்க, உள்ள பெல்ட்டே கிடையாது. பிளானட்டரி கியரும் மோட்டாரும்தான். அதை இந்தப் பட்டியல்ல சேர்க்காதீங்க.

பெல்ட் சிவிடின்னா முதல் கேள்வி: ஆயில் மாத்தின பில் இருக்கா? சிவிடிக்கான ஆயில்தானா? சாதாரண ஏடிஎஃப் (வழக்கமான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஊத்தியிருந்தா தொடவே தொடாதீங்க. அடுத்து பின்னாடி குனிஞ்சு டிரெய்லர் மாட்டற டோ ஹிட்ச் இருக்கா, கழட்டின போல்ட் ஓட்டை இருக்கான்னு பாருங்க. டிரெய்லர் இழுத்த சிவிடி சூட்டுலயே பாதி ஆயுசைத் தொலைச்சிருக்கும். நீளமான ஏத்தத்துல அழுத்தி ஓட்டுங்க. ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாம இருந்தாலோ, திடீர்னு பவர் குறைஞ்சாலோ வேண்டாம்.

ஐந்தாம்கியர்:
அப்டேட். காலையில ஆறின வண்டியாவே கேட்டு வாங்கினேன். ரிவர்ஸ் உடனே பிடிச்சுது. நடுக்கம் வந்தப்போ பிரேக்கைத் தொட்டேன், சுவிட்ச் போட்ட மாதிரி நின்னுது. நியூட்ரல்ல ஒரு ஆட்டமும் இல்ல. கோடு எதுவும் வரல. ஆனா கோடு அழிச்ச பிறகு ஓடின தூரம் 20 கி.மீ. கூட இல்ல, பாதி ரெடினஸ் மானிட்டர் (கோடு அழிஞ்ச பிறகு வண்டி தானே மறுபடி செய்யற சோதனை) முடியல. ஓனர்கிட்ட கேட்டா பேட்டரி மாத்தினோம்ங்கறார்.

மெதுவண்டி:
பேட்டரி கழட்டினாலும் அது அழியும், பொய்னு சொல்ல முடியாது. பேட்டரி புதுசா இருந்துச்சா?

ஐந்தாம்கியர்:
டெர்மினல்ல வெள்ளையா உப்பு பூத்திருந்துச்சு சார். தேதி ஸ்டிக்கர் மூணு வருஷம் பழசு.

கிரீஸ்கை:
அப்போ விட்டுடுங்க. வெறும் நடுக்கம் மட்டும்னா, ஆயிலை எடுத்துப் பார்த்து, சிவப்பு மாறாம இருந்தா விலையைக் குறைச்சு எடுக்கலாம்னு சொல்லியிருப்பேன். அழிச்ச கோடு என்னன்னு தெரியாம கன்வெர்ட்டருக்குப் பணம் ஒதுக்க முடியாது.

சிவிடி வண்டியும் ஆல் வீல் டிரைவ்னா நாலு டயரும் ஒரே பிராண்டா, ஒரே தேய்மானமான்னு பாருங்க. ரெண்டு புதுசு ரெண்டு பழசுன்னு ஓட்டியிருந்தா முன் பின் சக்கரத்தை இணைக்கற கப்ளிங் எந்நேரமும் வழுக்கிட்டே இருந்திருக்கும். காய்ஞ்ச ரோட்டுல ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு மெதுவா வட்டம் போடுங்க. இழுத்துப் பிடிச்சு, தத்தித் தத்திப் போனா அங்கேயும் செலவு இருக்கு.

ஐந்தாம்கியர்:
அது ஃப்ரன்ட் வீல் டிரைவ்தான் அண்ணா. 60,000-ல சிவிடி ஆயில் மாத்தின பில் இருக்கு, ஆயில் பேரும் அதுல போட்டிருக்கு. ஹிட்ச் இல்ல. ஏத்தத்துல இன்னும் ஓட்டிப் பார்க்கல. சனிக்கிழமை காலையில, நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்.