மலைக்குப் போய் ஓடுகிறோம். மற்றவர்களைச் செட்டிநாட்டுக்கு ஓட அழைக்கலாமா?

செம்மண்சாலை (காரைக்குடி) எழுதியது:

எட்டு ஆண்டுகளாக ஓடுகிறேன். ஆண்டுக்கு ஒரு முறையாவது பை கட்டிக்கொண்டு வெளியூர்ப் பந்தயத்துக்குப் போய்விடுவேன். சென்ற ஆவணியில் நீலகிரியில் ஓர் அரை மாரத்தான். தேயிலைத் தோட்டத்துக்குள் ஏறும் ஒற்றையடிப் பாதையில், 14ஆவது கிலோமீட்டரில் மூச்சு வாங்க நின்றேன். கொழுந்து மூட்டையோடு எதிரே வந்த பெண்கள் நால்வர் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர்களில் ஒருவர், "எதுக்குங்க இப்படி ஓடுறீங்க, பின்னாலேயே பஸ் வருமே" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே ஓடினேன். அந்தத் திருப்பமும் அந்த மூடுபனியும் இன்றும் கண்ணில் நிற்கின்றன. காரில் போயிருந்தால் எதுவும் நின்றிருக்காது.

திரும்பி வரும் வழியில்தான் இந்த எண்ணம் பிறந்தது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லே நகருக்கு, 2012இல் தொடங்கிய லடாக் மாரத்தானுக்காக நாடெங்கிலுமிருந்து போகிறார்கள். ஆரோவில்லின் காட்டுப் பாதைகளில் ஓடவும் ஆண்டுதோறும் கூட்டம் வருகிறது. நம் செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றவை. இங்கும் இரண்டு நாள் ஓட்டம் ஒன்றை ஏன் நடத்தக் கூடாது? சனிக்கிழமை ஆத்தங்குடியைச் சுற்றியுள்ள கண்மாய்க்கரை, வண்டிப்பாதை, தைலமரக் காடு வழியாக 12 கி.மீ. டிரெயில் (மண்பாதை) ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை கானாடுகாத்தானில் தொடங்கி, பள்ளத்தூர், கோத்தமங்கலம் சுற்றி வரும் 21.1 கி.மீ. சாலை ஓட்டம். புதிதாக ஓடுபவர்களுக்கு வேட்டங்குடிப் பக்கம் 10 கி.மீ. தை மாதத்தின் பிற்பகுதி பொருத்தமாக இருக்கும் என நினைக்கிறேன். வரைபடம் ஒன்றும் வரைந்து இணைத்திருக்கிறேன். கருத்துச் சொல்லுங்கள்.

கண்மாய்க்கரை (திருப்பத்தூர் வட்டம்) எழுதியது:

தம்பி, உங்கள் ஆர்வத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த வரைபடத்தைக் காரைக்குடியில் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து வரைந்திருக்கிறீர்கள் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது.

முதலில் வேட்டங்குடி. அது 1977இலிருந்து பறவைகள் சரணாலயம். ஐப்பசி மழைக்குப் பிறகு நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் வந்து, கண்மாய்க்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. தை மாதத்தில் கூடுகளில் குஞ்சுகள் இருக்கும். பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்பதற்காகவே கொள்ளுகுடிப்பட்டியிலும் வேட்டங்குடிப்பட்டியிலும் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பேரப்பிள்ளைகள் கேட்டு அழுதாலும் வெடிப்பதில்லை. அந்த ஊருக்குள் விடியற்காலை 5 மணிக்கு ஒலிபெருக்கியும், உற்சாகப்படுத்த ஒரு பறையும், மேலே படம் எடுக்க ஒரு டிரோனும் கொண்டு வருவீர்கள். "எங்களுக்கு டிரோன் வேண்டாம்" என்று நீங்கள் சொல்லலாம். உங்கள் விளம்பரதாரர் சொல்ல மாட்டார்.

அடுத்தது கண்மாய்க்கரை. தை மாதத்தில் கண்மாயில் தண்ணீர் நிற்கும், கரை ஈரமாக இருக்கும், மிகுந்த நீர் வழிந்தோடும் கலுங்குக்குப் பக்கத்தில் களிமண் வழுக்கும். மடையைத் திறக்கவும் அடைக்கவும் அதே கரையில்தான் ஆட்கள் போய் வருகிறார்கள். சாலையும் அப்போது காலியாக இருக்காது. அறுவடை தொடங்கிவிட்டால் நெல்லையும் வைக்கோலையும் தார்ச்சாலையின் ஒரு பாதியில்தான் காயப்போடுகிறோம், களம் போதாது. அரசாங்க வண்டியே சுற்றிக்கொண்டு போகும் இடத்தில் 400 பேர் வந்தால் எங்கே கால் வைப்பார்கள்?

மூன்றாவதாக ஒன்று. உங்களுக்கு ஒதுங்கி வழிவிட்ட அந்தப் பெண்கள் உங்களுக்குக் காட்சியாகத் தெரிந்திருக்கிறார்கள். மூட்டையோடு சரிவில் ஒதுங்கி நிற்பது எப்படி இருக்கும் என்று நீங்கள் அவர்களைக் கேட்கவில்லை. அவர்கள்தான் உங்களைக் கேட்டிருக்கிறார்கள்.

பல்லவன்பயணி (சென்னை, பூர்விகம் தேவகோட்டை) எழுதியது:

நான் ஆதரிக்கிறேன். மலைப் பந்தயத்தில் நேரம் பார்த்து ஓட முடிவதில்லை; நம் பக்கத்துத் தட்டையான சாலை எனக்குப் போதும். இன்னொன்றையும் கவனியுங்கள். சென்னைக்குப் போகும் பல்லவன் ரயில் காரைக்குடியிலிருந்து விடியற்காலையிலேயே புறப்பட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை ஓடி முடிப்பவர் அதைப் பிடிக்க முடியாது; ஒன்று இரவு ரயிலுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும், இல்லையென்றால் இன்னொரு நாள் தங்க வேண்டும். தங்கினால் பிள்ளையார்பட்டி போவார்கள், ஆத்தங்குடியில் பூக்கல் (பூவேலைத் தரைக்கல்) பட்டறையைப் பார்ப்பார்கள், சந்தையில் பழைய பித்தளைச் சாமான் வாங்குவார்கள். ஊருக்கு அது வருமானம்தானே?

பணியாரக்கல் எழுதியது:

வருமானத்தைப் பற்றி நான் சொல்கிறேன். சிறிய அளவில் மெஸ் நடத்துகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு விழாவுக்காக 150 பேருக்குக் காலைச் சாப்பாடு என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். 90 பேர்தான் வந்தார்கள். 90 பேருக்குத்தான் பணம் கொடுத்தார்கள். மிஞ்சிய இட்லி மாவைப் பணியாரமாக ஊற்றி இரண்டு நாள் விற்றேன். ஆகையால் முன்பணம் இல்லாமல் அடுப்பைப் பற்றவைக்க மாட்டேன்.

ஓடுபவர்களுக்கு அதிகாலை மூன்றரை மணிக்கே ஏதாவது வயிற்றில் போட வேண்டும் என்கிறார்கள். செய்து தரலாம், ஆனால் செட்டிநாட்டுச் சாப்பாடு என்ற ஆசையில் முதல் நாள் இரவே மிளகுக்கோழியும் நண்டும் கேட்பார்கள். அதை உண்டுவிட்டு 21 கி.மீ. ஓடினால் என்ன ஆகும் என்பதை இங்கே எழுத விரும்பவில்லை. அதோடு சேர்ந்த கேள்வி: பெண்கள் ஓடுவார்கள் அல்லவா, வழியில் கழிப்பறை எங்கே? மலையில் மறைவு கிடைக்கலாம். இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் பொட்டல், விட்டால் கருவேல முள். பூட்டிக் கிடக்கும் வீடுகளின் திண்ணை ஓரம் ஒதுங்கினால் காவல்காரர் முதலில் என்னிடம்தான் வந்து சண்டை போடுவார்.

செம்மண்சாலை எழுதியது:

ஆச்சி சொன்ன கழிப்பறையை நான் நினைக்கவே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். மூன்று கிலோமீட்டருக்கு ஒன்று என்று நடமாடும் கழிப்பறை வைக்க வேண்டும். முன்பணமும் நியாயமான கேட்புதான்.

ஆனால் கண்மாய்க்கரை அண்ணன் சொல்வதை முழுவதும் ஏற்க முடியவில்லை. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடிப் பழனிக்குப் புறப்படுகின்றன. தலைமுறை தலைமுறையாக நடக்கிறார்கள். வழியெங்கும் ஆயிரக்கணக்கானோர் அதே சாலையில், அதே தை மாதத்தில்தான் போகிறார்கள். அவர்களுக்கு இடம் கிடைக்கும் சாலையில் 400 பேருக்கு மூன்று மணி நேரம் இடம் கிடைக்காதா? தை வேண்டாம் என்றால் மாசிக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறேன். பறவைகளும் கிளம்பத் தொடங்கியிருக்கும், வயலும் காய்ந்திருக்கும்.

நாடித்துடிப்பு எழுதியது:

மருத்துவத் துறையில் இருப்பவன் என்ற முறையில் மாசிக் கடைசியை எதிர்க்கிறேன். ஓடும்போது உடலில் பிறக்கும் வெப்பம் வியர்வை ஆவியாவதால்தான் பெரும்பாலும் வெளியேறுகிறது. நம் பக்கத்து விடியலில் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை ஆவியாகாமல் சொட்டும். ஈரம் குறையும் நேரத்தில் வெயில் ஏறிவிடும். தை மாதத்தில் சூரியன் உதிக்கவே ஆறரைக்கு மேல் ஆகிவிடுவதால் எட்டு மணி வரை ஓடலாம். மாசிக் கடைசியில் அந்தச் சலுகை கிடையாது. மெதுவாக ஓடுபவர் மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்வார், வெயிலும் அவரைத்தான் பிடிக்கும்.

தண்ணீரை நிறையக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானை முடித்தவர்களில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 விழுக்காட்டினருக்கு உப்புச்சத்து (சோடியம்) இயல்பான அளவைவிடக் குறைந்திருந்தது. ஓடும்போது அளவுக்கு மீறிக் குடித்ததே அதன் முக்கியக் காரணம். குளிர் நாட்டிலும் அலட்சியம் கொல்லும். 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கி.மீ. மலை ஓட்டத்தின் நடுவே திடீரென்று குளிர்காற்றும் ஆலங்கட்டி மழையும் வந்ததில் 21 பேர் இறந்தார்கள். உதவி சென்று சேர முடியாத இடத்தில் பாதை போட்டதுதான் அங்கே நடந்த தவறுகளில் பெரியது. உங்கள் தைலமரக் காட்டுக்குள் ஆம்புலன்ஸ் எந்த இடம் வரை வரும் என்பதை வரைபடத்தில் குறித்துவிட்டுப் பிறகு தேதியைப் பேசுங்கள். இருட்டில் கரையில் ஓட விடுவதாக இருந்தால் கட்டுவிரியனையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கண்மாய்க்கரை எழுதியது:

பாதயாத்திரையோடு ஒப்பிட்டது எனக்குச் சரியாகப் படவில்லை. காவடி எடுப்பவர் வழியில் உள்ள ஊர்களை நம்பி நடக்கிறார். எங்கே நிழலுக்கு உட்காருவது, யார் வீட்டில் மோர், எந்தச் சத்திரத்தில் படுக்கை என்பது அந்த ஊர்க்காரர்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் வருவதை ஊர் எதிர்பார்த்து நிற்கிறது. உங்கள் ஓட்டக்காரர் முன்பணம் கட்டி, நெஞ்சில் எண் அட்டையைக் குத்திக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போகிறவர். ஒரு கிலோமீட்டரை ஆறு நிமிடத்தில் கடப்பவர் கானாடுகாத்தானில் எதைப் பார்ப்பார்? அந்த வீடுகளின் அழகு, முகப்பில் நின்றால் வளவு என்ற முற்றத்தையும் இரண்டாம் கட்டையும் தாண்டிப் பின்தெருவில் திறக்கும் கதவு வரை ஒரே கோட்டில் வெளிச்சம் தெரிவதில் இருக்கிறது. அதைப் பார்க்க நிற்க வேண்டும், அதற்கும் முன்னால் யாராவது கதவைத் திறக்க வேண்டும். ஓடுபவருக்குத் தெரிவது நீளமான ஒரு சுவர்.

அனுமதியைப் பற்றியும் ஒரு சொல். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள கண்மாய் அரசின் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கிறது. திருமயம் பக்கம் கொஞ்சம் நீட்டினாலும் மாவட்டமே மாறிவிடும். தாளில் கையெழுத்துக் கிடைத்துவிடலாம். கரையில் பாத்தியப்பட்டவர்களை யார் கேட்டீர்கள்?

சைக்கிள்சக்கரம் எழுதியது:

ஆதரவா எதிர்ப்பா என்ற சண்டைக்குள் நான் வரவில்லை, 21.1 என்று எழுதியிருப்பதால் மட்டும் வருகிறேன். அதைக் கைக்கடிகாரத்தை வைத்து அளந்திருந்தால் தயவுசெய்து அந்த எண்ணை அழித்துவிடுங்கள். சாலைப் பந்தயத்தை அளக்கும் முறை வேறு. தூரம் உறுதியாகத் தெரிந்த ஒரு நேர்க்கோட்டில் சைக்கிளை ஓட்டிச் சக்கரத்தின் சுற்றுகளைக் கணக்கிட்டு, பிறகு பந்தயப் பாதையில் ஓடுபவர் எடுக்கக்கூடிய மிகக் குறுகிய கோட்டில், வளைவின் உட்புறத்தை ஒட்டி ஓட்டி அளக்க வேண்டும். அதன்மேல் 0.1 விழுக்காடு கூட்ட வேண்டும். அதாவது 10 கி.மீ. பந்தயத்தை 10,010 மீட்டராகப் போட வேண்டும். முழு மாரத்தானான 42.195 கி.மீ.க்கு அந்தக் கூடுதல் சுமார் 42 மீட்டர். பாதை குறைந்துவிட்டால் ஓடியவரின் நேரம் எந்தப் பட்டியலிலும் செல்லாது. சாலையில் பாதியை வைக்கோல் பிடித்திருக்கும் என்று பெரியவர் சொல்கிறார். அப்படியானால் குறுகிய கோடே மாறிவிடும், அளந்ததும் வீண். டிரெயில் பாதைக்கு இந்தத் துல்லியம் வேண்டாம்; "சுமார் 12" என்று போட்டால் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

பல்லவன்பயணி எழுதியது:

கண்மாய்க்கரை ஐயா, உங்கள் வாதப்படி பார்த்தால் வெளியூரிலிருந்து யாரும் எதற்கும் வரக் கூடாது. படப்பிடிப்புக்காரர்கள் வருகிறார்கள், நாள்கணக்கில் தெருவை அடைக்கிறார்கள். அப்போது யாரும் இப்படி விவாதித்ததாக நினைவில்லை. ஓடுபவர் குப்பை போடுவார் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. மோன் பிளாங் மலையைச் சுற்றி 2003இலிருந்து நடக்கும், ஏறத்தாழ 170 கி.மீ. ஓட்டத்தில் காகிதக் குவளை தரமாட்டார்கள். அவரவர் குவளையை அவரவரே கொண்டு போக வேண்டும். அதையே இங்கும் விதியாக்கலாம்.

கண்மாய்க்கரை எழுதியது:

படப்பிடிப்பின்போதும் கத்தினேன், யாரும் பதிந்துவைக்கவில்லை. குவளை விதி நல்லது, அதை ஏற்கிறேன். வரவே கூடாது என்று நான் எங்கும் எழுதவில்லை. தை மாதத்தில், கரை மேல், பறவைக்குப் பக்கத்தில் வேண்டாம் என்றுதான் எழுதினேன். மார்கழி முற்பகுதியில், நெல் இன்னும் வயலில் நிற்கும்போது, தார்ச்சாலையில் மட்டும் ஓடுவதென்றால் எங்கள் ஊரில் பேசிப் பார்க்கிறேன். மழை பெய்தால் அது உங்கள் பாடு.

செம்மண்சாலை எழுதியது:

டிரெயிலே இல்லையென்றால் மலைக்குப் போய்ப் பழகியவர்கள் வர மாட்டார்கள், அண்ணே. சாலை ஓட்டம் சென்னையிலேயே மாதத்துக்கு ஒன்று நடக்கிறது. தைலமரக் காட்டு வண்டிப்பாதையை மட்டுமாவது விட்டுக்கொடுங்கள். அதற்கு வனத் தோட்டக் கழகத்தில் கேட்க வேண்டுமா, ஊராட்சியில் கேட்க வேண்டுமா என்பதை நானே விசாரிக்கிறேன். ஆம்புலன்ஸ் வரும் இடத்தையும் குறிக்கிறேன். இந்த ஞாயிறு நேரில் வரட்டுமா? கரையை நீங்களே காட்டுங்கள்.

கண்மாய்க்கரை எழுதியது:

வாருங்கள். காலை ஆறரைக்கு மடைக்கு மேற்கே உள்ள வேப்பமரத்தடியில் இருப்பேன். சைக்கிளைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள், கரையில் உளுந்து காயப்போட்டிருக்கிறோம். காட்டுப்பாதையைப் பற்றி அங்கே பேசிக்கொள்ளலாம். இப்போதுதான் மறுபடியும் உங்கள் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன்; வேட்டங்குடிப் பக்கம் போட்ட அந்த 10 கி.மீ. கோடு இன்னும் அப்படியே இருக்கிறது.