சாப்ரொலைட்: 'சிதைபாறை'யா, 'இற்றபாறை'யா?

> சாப்ரொலைட்டுக்குச் 'சிதைபாறை' போதும். வானிலைச் சிதைவு என்று பாடநூலிலேயே இருக்கிறதே.

வணக்கம் ஐயா. சாப்ரொலைட் என்பது இருந்த இடத்திலேயே வேதிமாற்றத்தால் வலுவிழந்து, பழைய உருவம் மாறாமல் நிற்கும் பாறை. அதற்குத் தமிழ்ச் சொல்லாகச் 'சிதைபாறை' எனக்கு ஒப்பவில்லை. சிதைந்தது என்றால் உடைந்து சிதறிக் கிடப்பதுதான் மனத்தில் வரும். சரிவின் அடியில் குவியும் கற்களுக்கு வேண்டுமானால் பொருந்தும். சாப்ரொலைட் இருந்த இடத்தை விட்டு அசைவதே இல்லை. சாலைக்காக வெட்டிய மண்சுவரில் பார்த்தால் கிரானைட் போலவே இருக்கும். ஃபெல்ட்ஸ்பார் படிகங்களின் விளிம்புகூடத் தெரியும். கத்தியால் கீறினால் குட்டு வெளிப்பட்டுவிடும். அந்த வெள்ளைப் படிகம் முழுக்கக் களிமண்ணாகியிருக்கும். குவார்ட்ஸ் மட்டும் மசியாமல் மணலாக விரலில் நெருடும்.

விரிசல் வழியே இறங்கும் மழைநீரில் கரியமில வாயு கரைந்திருப்பதால் அது லேசான அமிலம். ஃபெல்ட்ஸ்பாரிலிருந்து சோடியம், கால்சியம், பொட்டாசியத்தையும் சிலிக்காவில் ஒரு பங்கையும் அது கரைத்துக்கொண்டு போகிறது. கருப்பு மைக்காவிலுள்ள இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைய, மைக்கா உப்பிப் பக்கத்துப் படிகங்களை நெம்பிப் பிளக்கிறது. கன அளவு ஏறக்குறைய அப்படியே நிற்க, எடை மட்டும் குறைகிறது. கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம் அளவில் இருந்த கிரானைட், நன்றாக முற்றிய நிலையில் 2 கிராமுக்கும் கீழே வந்துவிடும்.

உருவம் நிற்கிறது, வலு போய்விட்டது. இதற்குத் தமிழில் ஏற்கெனவே சொல் உண்டு: இற்றுப்போதல். கயிறு, துணி, துருவேறிய தகரம் எல்லாம் இற்றுப்போகும். ஆகவே 'இற்றபாறை'. 1895இல் அமெரிக்க நிலவியலாளர் பெக்கர் இதற்குச் சாப்ரொலைட் என்று பெயர் வைத்தபோதும் கிரேக்கத்தில் 'அழுகிய கல்' என்றுதான் வைத்தார்.

'மட்குபாறை' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். மட்கு என்பது இலைதழை சார்ந்தது. மண்ணியல் பாடத்தில் குழப்பம்தான் மிஞ்சும். 'உளுபாறை' அழகுதான், ஆனால் உளுக்க ஒரு பூச்சி வேண்டுமே! வினைத்தொகையாக 'இறுபாறை' என்று சுருக்கவும் வேண்டாம். இறுகிய பாறை என்று நேரெதிராகப் படித்துவிடுவார்கள்.

---

> ஆகவே 'இற்றபாறை'.

சரி, ஏற்கிறேன். ஒரு சிக்கல் மட்டும். பொறியாளர்கள் பாறையைச் சிதைவே படாத புதிய பாறை முதல் முழுதும் மண்ணாகிவிட்ட எச்சமண் வரை ஆறு படிகளாகப் பிரிக்கிறார்கள். சற்றே நிறம் மாறிய கெட்டிப் பாறையும் அதில் ஒரு படி. அதையும் 'சற்றே இற்றது' என்று எழுதத் தொடங்கினால் உங்கள் சொல் நீர்த்துவிடும். படிகளுக்குச் 'சிதைவு' என்றே இருக்கட்டும். கையால் நொறுக்கக்கூடிய, ஆனால் பழைய படிக அமைப்பு தெரிகிற நிலைக்கு மட்டும் 'இற்றபாறை'.

அப்புறம், இற்றபாறைக்கு நடுவே இற்றுப்போகாமல் உருண்டையாக எஞ்சும் கல்லுக்கும் ஒரு சொல் தேவை. 'கருக்கல்' என்று எழுதிப் பார்த்தேன், பொழுது சாய்கிறது. 'உள்ளுருண்டை' எப்படி?