புதுப்பிப்பு: மீண்டும் ஓடினேன், பயிற்சியும் முடிந்தது

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்திற்குள் ஓட முடியாமல் 18 விநாடி பிந்தி வெளியேறியதையும், மீண்டும் முயல்வதா என்று கலங்கியதையும் முன்பு எழுதியிருந்தேன். அடுத்த அறிவிப்பில் தேர்வாகி, ஏழு மாத அடிப்படைப் பயிற்சியையும் நிறைவு செய்துவிட்டேன்.

முதல் சுற்றிலேயே வேகத்தைச் செலவழிக்கிறேன் என்று சுட்டிக்காட்டியவர்களுக்கு நன்றி. 400 மீட்டர் தடத்தில் அது மூன்றே முக்கால் சுற்று என்பதை மனத்தில் வைத்து மூச்சைப் பங்கிட்டதே பலன் தந்தது.

பயிற்சியிலோ, கவாத்தைவிடச் சட்ட வகுப்பே என்னைத் திணறடித்தது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்திற்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதால், சிறுவயது முதல் காதில் விழுந்த, மோசடிக்கான பிரிவு 420 இப்போது 318 ஆகவும், கொலைக்கான 302 இப்போது 103 ஆகவும் மாறியிருக்க, அதற்கு முந்தைய குற்றங்களின் வழக்குகள் பழைய எண்களிலேயே தொடர்வதால், இரண்டையும் கற்க வேண்டியிருந்தது. கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்திற்குள் குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும் என்பதை அரசியலமைப்பின் 22ஆம் பிரிவோடு சேர்த்துப் படித்த நாளில்தான் என் பொறுப்பின் அளவு எனக்கு உறைத்தது. சட்ட வகுப்புக்கு இன்னும் கூடுதல் மணி நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும் என்றே கருதுகிறேன்.

அடுத்த வாரம் காவல் நிலையத்தில் செய்முறைப் பயிற்சி தொடங்குகிறது.