காத்து 'திருப்திகரம்'னு காட்டுது, கொடியில துணி கருப்பா இருக்கு: அளவுகோலை இறுக்கணுமா?

மணலிக்காரி
இன்னிக்குக் காலையில மொட்டைமாடிக் கொடியில இருந்து பையனோட வெள்ளைச் சட்டையை எடுத்தேன். ராத்திரி பத்து மணிக்குக் காயப்போட்டது. தோள்பட்டையிலயும் கொடி பட்ட மடிப்புலயும் மாவு சலிச்ச மாதிரி கருப்புப் பொடி. கையால தட்டினா இழுவிக்கும், முதல்ல ஊதணும். இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த முதல் மாசத்துலயே மாமியார் கத்துக்கொடுத்த பாடம்.

போன்ல காத்துத் தரக் குறியீடு பார்த்தேன். 88. பச்சை. 'திருப்திகரம்'னு போட்டிருக்கு. உள்ளே பையன் நெபுலைசர் மாஸ்க்கோட உக்காந்திருக்கான்.

அந்த 88 எங்கேருந்து வருதுன்னு பாருங்க. பிஎம் 2.5, அதாவது காத்துல மிதக்குற ரொம்ப நுண்ணிய துகள், ஒரு நாள் சராசரி கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரைக்கும் நம்ம நாட்டுக் கணக்குல 'திருப்திகரம்'. 88ன்னா ஏறக்குறைய 53. உலக சுகாதார நிறுவனம் 15 தாண்டக் கூடாதுங்குது, வருஷத்துல மூணு நாலு நாள் தாண்டினா மன்னிப்பு. வருஷச் சராசரிக்கு நாம 2009-ல வெச்ச எல்லை 40, இன்னும் அதேதான். அவங்க 2021-ல சொன்னது 5. ஒரே தாவா 5க்குப் போக முடியாதுன்னு அவங்களுக்கே தெரியும். அதனால 35, 25, 15, 10ன்னு படி கட்டிக் கொடுத்திருக்காங்க. நாம முதல் படிக்கே இன்னும் கால் தூக்கல. 35ல ஆரம்பிச்சு, தேதி போட்டு 25க்கு இறக்கணும்னு ஒரு மனு எழுதிக்கிட்டிருக்கேன். கையெழுத்துப் போடுறவங்க சொல்லுங்க.

மூணு டிரெய்லர்
அக்கா, பையனுக்குச் சீக்கிரம் சரியாகட்டும். ஆனா மனுவுல நான் கையெழுத்துப் போடமாட்டேன். காரணம் சொல்லிடுறேன்.

2020 ஏப்ரலுக்கு அப்புறம் வண்டி வாங்கினா பிஎஸ் 6 மட்டும்தான், அதாவது வண்டிப் புகைக்கு வெச்ச புது அளவு. என்கிட்ட ஒண்ணு பிஎஸ் 6, ரெண்டு பழசு. புதுசுக்கு விலை ஏறிச்சு, டீசல் போக, புகையைச் சுத்தமாக்க ஆட் ப்ளூங்கிற திரவமும் தனியா ஊத்தணும், சென்சார் ஒண்ணு போனா வண்டி ஊர்ந்துதான் வரும். சரி, காத்துக்காகன்னு கட்டினோம். அளவை இறுக்குங்கன்னு நீங்க சொன்னா அடுத்த நாள் யார் கழுத்துல கை வைப்பாங்க? புகைபோக்கியைப் பிடிக்க யாரும் மாடி ஏற மாட்டாங்க. ரோட்டுல நிக்குற லாரியைத்தான் மடக்குவாங்க. இருக்குற 40ஐயே எவனும் பார்க்கல, 25னு எழுதினா மட்டும் பார்ப்பானா?

ஓய்வு ஈபி
முதலில் ஒரு திருத்தம், அம்மா. சட்டையில் நீங்கள் கண்ணால் பார்த்த தூள் பிஎம் 2.5 இல்லை. அது பெரிய துகள். நிலக்கரித் தூளோ சாம்பலோ சாலைப் புழுதியோ இருக்கலாம். பெரும்பகுதியை மூக்கும் தொண்டையும் பிடித்துக்கொள்ளும். பிஎம் 2.5 தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாது, நுரையீரலின் அடி வரைக்கும் போகும். இரண்டையும் ஒன்றாக்கி மனு எழுதினால் முதல் பக்கத்திலேயே ஓரம் கட்டிவிடுவார்கள்.

அனல்மின் நிலையத்தில் 31 வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் இன்னொன்று. நம் நிலக்கரியில் சாம்பல் அதிகம், 35–40 சதவீதம்கூட வரும். கந்தகம் அரை சதவீதத்துக்குப் பக்கம்தான். சாம்பலைப் பிடிக்க இஎஸ்பி என்ற மின்வடிகட்டி இருக்கிறது, ஒழுங்காக ஓட்டினால் நன்றாகவே பிடிக்கும். கந்தகத்துக்கு எஃப்ஜிடி மாட்டு என்கிறார்கள். சுண்ணாம்புக் கரைசலில் புகையைக் கழுவுகிற பெரிய அமைப்பு அது. அதற்கும் மின்சாரம் வேண்டும், தண்ணீர் வேண்டும், மாட்டும்போது யூனிட்டை நிறுத்த வேண்டும். செலவு கரன்ட் பில்லில்தான் வந்து நிற்கும். அப்போது இதே இடத்தில் கத்துவீர்கள்.

மணலிக்காரி
திருத்தத்துக்கு நன்றி சார், மாத்திக்கிறேன். ஆனா கந்தகம் கம்மின்னு விட்டுட முடியுமா? ஒரு நாளைக்கு எரியுறது எத்தனை ஆயிரம் டன்! புகைபோக்கியில கேஸா வெளியே போற சல்ஃபர் டை ஆக்ஸைடு காத்துலயே மாறி சல்ஃபேட் துகளாகுது. அதுவும் பிஎம் 2.5தான். இஎஸ்பி அதைப் பிடிக்காது, ஏன்னா அங்கே தாண்டும்போது அது துகளே இல்ல. சரியா?

ஓய்வு ஈபி
சரி. அதை நான் மறுக்கவில்லை.

ராயபுரத்தான்
நடுவுல ஒரு பழைய கதை. எங்க வீடு துறைமுகத்துக்குப் பின்னாடி. சின்ன வயசுல ஜன்னல் கம்பியைத் துடைச்சா துணியில ரெண்டு கலர் வரும், நிலக்கரிக் கருப்பு, இரும்புத்தாது சிவப்பு. ஹைகோர்ட் உத்தரவு போட்டு 2011 அக்டோபரோட சென்னைத் துறைமுகத்துல ரெண்டையும் நிறுத்தினாங்க. முடியவே முடியாது, வருமானம் போயிடும், வேலை போயிடும்னு எவ்வளவு பேசினாங்க தெரியுமா? நின்னுச்சு. ஜன்னல் வித்தியாசம் எங்க அம்மாவுக்கே தெரிஞ்சது. கண்டிப்பு வேலைக்கு ஆகும்.

மூணு டிரெய்லர்
ராயபுரத்து அண்ணே, அந்த நிலக்கரி ஆவியாகிப் போயிடுச்சா? எண்ணூருக்குப் போச்சு. உங்க ஜன்னல் சுத்தமாச்சு, இந்த அக்கா சட்டை கருப்பாச்சு. இதைத்தான் நான் சொல்றேன். கண்டிப்புன்னு வந்தா புழுதி குறையாது, சத்தம் போடத் தெரியாதவன் வாசலுக்குக் குடிபோகும்.

ராயபுரத்தான்
😐 இதுக்கு என்கிட்ட பதில் இல்ல தம்பி.

மணலிக்காரி
அது கண்டிப்போட குத்தம் இல்ல, ஒரு இடத்துக்கு மட்டும் கண்டிப்பு வெச்சதோட குத்தம். காத்துக்கு அளவுன்னா ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் ஒண்ணுதானே? 40ங்கிற எண் பெரிசா இருக்கிறதாலதான் ஊர் முழுக்கச் சராசரி போட்டு 'சென்னை எல்லைக்குள்ள இருக்கு'ன்னு சொல்ல முடியுது. தேசிய தூய காத்துத் திட்டம் 2019-ல வந்தப்போ, அளவு தாண்டின ஊர்ப் பட்டியல்ல தமிழ்நாட்டுக்குத் தூத்துக்குடி மட்டும்தான். எங்க மணலி 2009-லயே 'கடுமையா மாசுபட்ட பகுதி'ன்னு முத்திரை வாங்கினது. ஆனா சென்னை அப்போ அந்தப் பட்டியல்ல இல்ல! எண் பெரிசா இருந்தா பிரச்சினையே கண்ணுல படாது.

வேளச்சேரி வாசு
வீட்டுக்கு ஒரு ஏர் ப்யூரிஃபையர் வாங்கினா முடிஞ்சுது. எதுக்கு இவ்வளவு சண்டை.

மூணு டிரெய்லர்
@வேளச்சேரி வாசு என் டிரைவர் கேபின்லயும் மாட்டித் தரீங்களா சார்?

மணலிக்காரி
தம்பி, உங்க பிஎஸ் 6 கதைக்கே வர்றேன். அது உங்க பக்கத்து வாதம்னு நினைக்கிறீங்க, எனக்கு அது என் பக்கம்தான் பேசுது. 2016 ஜனவரியில அரசாங்கம் பிஎஸ் 5ஐயே தாண்டி நேரா 6க்குப் போறோம்னு சொன்னப்போ வண்டிக் கம்பெனிங்க காலம் பத்தாதுன்னாங்க. டீசல்ல கந்தகம் பத்து லட்சத்துக்கு 50 பங்குல இருந்து 10 பங்குக்கு இறங்கணும். சுத்திகரிப்பு ஆலைகளுக்கு அது பெரிய வேலை. ஆனா 2020 ஏப்ரல் 1ன்னு சொன்ன தேதிக்கு நாடு முழுக்க வந்துடுச்சு.

அந்த பிஎஸ் 6 அறிவிப்புக்கு ஒரு மாசம் முன்னாடி, 2015 டிசம்பர்ல, அனல்மின் நிலையங்களுக்குப் புது அளவு வெச்சாங்க. ரெண்டு வருஷம் கெடு. அப்புறம் 2022ன்னாங்க. அப்புறம் இன்னும் தள்ளினாங்க. 2025 ஜூலையில பெரும்பாலான நிலையங்களுக்கு அந்தக் கந்தக அளவே வேண்டாம்னு எழுதிட்டாங்க. பத்து லட்சம் பேருக்கு மேல இருக்குற ஊர்லேருந்து 10 கிலோமீட்டருக்குள்ள இருந்தா 2027 டிசம்பர் வரைக்கும் கெடு.

மூணு டிரெய்லர்
அப்போ நான் சொன்னதேதானே! மூணு வண்டி வெச்சிருக்கவன் தேதிக்குக் கட்டிட்டான். ஆயிரம் மெகாவாட் வெச்சிருக்கவன் பத்து வருஷம் இழுத்து மன்னிப்பு வாங்கிட்டான். இதுக்கு மேல இறுக்கச் சொல்லி நானே கையெழுத்துப் போடணுமா?

புகைச் சான்றிதழ் கதை தெரியுமா உங்களுக்கு? போன மாசம் பழைய வண்டிக்கு எடுக்கப் போனேன். சைலன்சர்ல குழாயே செருகல, நம்பர் பிளேட்டை போட்டோ எடுத்தான், சீட்டு வந்துடுச்சு. செருகினாலும் அந்த மெஷின் புகை எவ்வளவு அடர்த்தின்னுதான் சொல்லும், உங்க 2.5ஐ எண்ணாது.

ஓய்வு ஈபி
தம்பி சொல்வது எனக்கு உறைக்கிறது. நாங்கள் இழுத்தது உண்மை. டெண்டர், பணம், யூனிட்டை நிறுத்த அனுமதி என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. ஆனால் எல்லாக் காரணத்தையும் கூட்டினால் பத்து வருடம் வராது. எண்ணூர் 2011-லேயே மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. எனவே அங்கே இருக்கும் நிலையங்களுக்கு அந்த 10 கிலோமீட்டர் கணக்கு பொருந்த வேண்டும். அம்மா, உங்கள் மனுவில் 35ஐ விட முக்கியமான வரி இதுதான். காற்றில் இருக்க வேண்டிய அளவு ஒன்று, புகைபோக்கி வாயில் இருக்க வேண்டிய அளவு ஒன்று. முதலாவதை மீறினால் யார் மேல் வழக்குப் போடுவீர்கள்? காற்றின் மேலா? இரண்டாவதை மீறினால் ஆள் இருக்கிறான்.

மணலிக்காரி
ரெண்டும் வேணும் சார். முதல் எண் இறங்கினாதான் 'திருப்திகரம்'ங்கிற பச்சைக் கலர் மாறும். அது மாறினாதான் பள்ளிக்கூடத்துல காலைப் பிரேயரை வெளியே வைக்கலாமா உள்ளே வைக்கலாமான்னு யாராவது யோசிப்பாங்க. விடியக்காலையிலதான் காத்து அசையாம கீழேயே தங்கும், கடல்காத்து வர மத்தியானம் ஆகும். அந்த நேரத்துலதான் பிள்ளைங்களை வரிசையில நிக்க வெச்சு மூச்சை இழுத்து விடச் சொல்றாங்க. கேட்டா, 'பச்சைதானேம்மா காட்டுது'ங்கிறாங்க. நான் என்னத்தைச் சொல்ல?

ஆனா உங்க வரியையும் சேர்த்துட்டேன்: "2027 டிசம்பர் கெடுவை மறுபடி தள்ளக் கூடாது, ஒவ்வொரு புகைபோக்கி அளவையும் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும்."

மூணு டிரெய்லர்
அக்கா, இன்னொரு வரி இருந்தா யோசிக்கிறேன். கன்டெய்னர் ஏத்திக்கிட்டு துறைமுக கேட்டுக்கு முன்னாடி எங்க வண்டிங்க ராத்திரி முழுக்க வரிசையில நிக்குது. பத்தடி நகரும், நிக்கும், பத்தடி நகரும். எஞ்சினை அணைச்சா பின்னாடி இருக்கவன் முந்திடுவான். அந்தப் புகை உங்க பையனுக்கும் போகுது, என் டிரைவருக்கும் போகுது. டோக்கன் நேரம் கொடுத்து, நிறுத்த இடமும் கொடுத்தா எஞ்சினை அணைச்சுட்டுத் தூங்குவோம். எனக்கு டீசல் மிச்சம்.

மணலிக்காரி
சேர்த்தாச்சு தம்பி. 4வது பாரா.

மூணு டிரெய்லர்
அனுப்புங்க, படிக்கிறேன். பழைய வண்டி ரெண்டையும் உடனே ஓரங்கட்டச் சொல்லி எங்கேயாவது எழுதியிருந்தா போடமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.